சதுப்புக்குத் தீ வைத்தவன்

சட்டைப் பையில் தீப்பெட்டி இருந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு வருடங்களாக வேலை பார்க்கிறேன். வெடிமருந்து செய்கிற இடம். தினமும் காலையில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்று, காவலர் தடவிப் பார்த்த பிறகுதான் உள்ளே போக முடியும். வருடத்துக்கு ஒரு தடவை தீயணைப்புப் பயிற்சி உண்டு. மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற போட்டியில் ஒரு வருடம் எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. எவர்சில்வர் டிபன் பாக்ஸ். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கத்தில் பூமிக்கே தீ வைத்த ஆள் நான்தான். ஒன்றும் தெரியாமல் செய்துவிட்டான் பாவம் என்று யாரும் எனக்குப் பரிந்து பேசிவிடக் கூடாது, பாருங்கள்.

எங்கள் வீடு குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில் ஒரு சரிவில் இருக்கிறது. வீட்டுக்குக் கீழே கொஞ்சம் தேயிலை. அதற்கும் கீழே, இரண்டு சரிவுகள் வந்து சேர்கிற பள்ளத்தில், எங்களுக்குச் சொந்தமான ஒரு சதுப்பு. கோரையும் பாசியும் மண்டிக் கிடக்கும். கால் வைத்தால் பழைய இலவம்பஞ்சு மெத்தை மாதிரி அமுங்கும். மண் கன்னங்கரேல் என்றிருக்கும். ஒரு கை அள்ளிப் பிழிந்தால் டீ வடித்த சக்கையைப் பிழிந்ததுபோல் பழுப்பாகத் தண்ணீர் சொட்டும். கோடையிலும் சொட்டும். அதுதான் அதன் விசேஷம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே என்றுதான் தோன்றியது.

சதுப்பின் கீழ் ஓரத்தில் ஓர் ஊற்று. அங்கிருந்து ஒரு கறுப்பு ஓஸ் பைப் தேயிலைச் செடிகளுக்கு அடியில் நுழைந்து, கீழே இருக்கிற ஆறு வீடுகளுக்குப் போகிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். இங்கேயும் தேயிலைதான் பறிக்கிறார்கள். பைப்பின் முனையை ஒரு கல்லின் மேல் கட்டி, கீழே சிமெண்ட் போட்டு வைத்திருக்கிறார்கள். அதை அவர்கள் குழாய் என்று சொல்ல மாட்டார்கள், பீலி என்பார்கள். குடிக்க, சமைக்க, துவைக்க, மாட்டுக்குக் காட்ட, ஆறு வீட்டுக்கும் அந்த ஒரு பீலிதான்.

முதல் வீட்டில் இருக்கிற அக்காவுக்கு அறுபது தாண்டியிருக்கும். பத்து வயதில் கப்பலில் வந்தவர். என்னைத் 'தொர' என்றுதான் கூப்பிடுவார். தொழிற்சாலையில் நான் யாருக்கும் துரை இல்லை. அங்கே எனக்கு மேலே இருக்கிற எல்லாருக்கும் நான் 'யோவ்'தான். அதனால் அந்தக் கிண்டல் எனக்கு உள்ளுக்குள் பிடிக்கும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்குக் கேரட் பைத்தியம் பிடித்தது. எதிர்ச் சரிவில் ஒருவர் தன் சதுப்பை வெட்டி வடித்துவிட்டுக் கேரட் போட்டிருந்தார். அவர் தோட்டத்தில் கழுவி அடுக்கிய மூட்டைகளை லாரியில் ஏற்றுவது எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரியும். தினமும் அந்த ஆரஞ்சு நிறத்தைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தால் யாருக்குத்தான் புத்தி கலங்காது? இரண்டு ஆள் பிடித்து, சதுப்பின் நடுவில் மேலிருந்து கீழ் வரைக்கும் இடுப்பளவு ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டினேன். இங்கே எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். வாய்க்கால் வெட்டினால் ஈரம் வடியும், ஈரம் வடிந்தால் பாத்தி கட்டலாம்.

அக்கா இலைக் கூடையோடு அந்தப் பக்கமாக ஏறி வந்தவர் நின்று பார்த்தார்.

"ஏங்க தொர, பீலிக்கு மேல வெட்டுறீங்களே, தண்ணி கொறையாதா?"

"கொறையாதுக்கா. இதுவரைக்கும் கசிஞ்சு வந்தது இனி ஓடி வரும்."

"ஓடி வந்தா ஓடியே போயிருமே தொர."

நான் சிரித்தேன். அந்த வருடம் நான் சொன்னதுதான் நடந்தது. பீலி கொட்டோ கொட்டென்று கொட்டியது. குடம் வைத்தால் துள்ளி விழுந்தது. அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் நான் புருவத்தை உயர்த்திக் காட்டுவேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எத்தனையோ காலமாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் அந்தச் சதுப்பு அப்போது வெளியே கொட்டிக்கொண்டிருந்தது என்பது, புருவம் உயர்த்திய இந்த அறிவாளிக்குத் தெரியவில்லை.

கேரட் வரவில்லை. முதல் போகத்தைக் காட்டெருமைகள் தின்றன. இரண்டாவது போகத்தில் கிழங்கு பிளந்து பிளந்து வந்தது. மூன்றாவது போகம் போடவேயில்லை. சதுப்பு பாதி காய்ந்து, வெடித்து, கோரை மட்டும் ஆள் உயரத்துக்கு நின்றது.

போன வருடம் ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றிவிட்டது. உறைபனி வழக்கமான மாதத்தில் வராமல் பிந்தி வந்து, விடாமல் கொட்டியது. காலையில் புல்லெல்லாம் உப்புத் தூவினது மாதிரி இருக்கும், பகலில் வெயில் தோலை உரிக்கும். ஊட்டி மார்க்கெட் பக்கத்தில் ஒரு கடை வாசலில் மின்விசிறிகளை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள். ஊட்டியில் மின்விசிறி! அதைப் பார்த்து நான் ஒரு நகைச்சுவைத் துணுக்குகூடத் தயார் செய்து, தொழிற்சாலையில் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தேன்.

பனியில் கருகிய புல்லை மாசியில் கொளுத்திவிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். கொளுத்தினால் அடுத்த மழைக்குப் பச்சை பொங்கும் என்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாமி அறைத் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். என் மனைவி ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"ஏனுங்க, காத்து இப்பிடி அடிக்குது. இன்னைக்கு வேண்டாமுங்க."

"அம்மிணி, அது சதுப்பு. அடியில பூராவும் ஈரம். மேல எரிஞ்சு தானா அணைஞ்சுக்கும்."

"தெரிஞ்சுதான் பேசறீங்களா?"

"இருவத்திரண்டு வருச சர்வீஸு!"

கோரை படபடவென்று ஒரு மணி நேரம் எரிந்தது. பச்சைக் கிளையை வைத்துக்கொண்டு நான் ஓரத்தைக் காவல் காத்தேன். தேயிலைக்குள் ஒரு பொறி போகவில்லை. எல்லாம் அணைந்து கறுப்பாகக் கிடந்தது. கை கழுவிவிட்டுச் சோறு சாப்பிட்டு, என் மனைவியிடம் கொஞ்சம் மீசையை முறுக்கிவிட்டுத் தூங்கினேன்.

நான்காம் நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே கீழே பார்த்தபோது, வாய்க்கால் கரையில் ஒரு மெல்லிய புகை நின்றது. மூடுபனி என்று நினைத்தேன். மற்ற இடமெல்லாம் வெளுத்த பிறகும் அது அங்கேயே நின்றது. இறங்கிப் போனேன். நெருப்பு எங்கேயும் இல்லை. தரையில் ஒரு வெடிப்பு, அதிலிருந்து ஊதுவத்திப் புகை மாதிரி ஓர் இழை. பழைய ஈரச் சாக்கை எரித்தால் வருகிற வாசனை. குனிந்து கையை வைத்தேன். தோசைக்கல். துள்ளிக்கொண்டு எழுந்தேன்.

பயந்தால் மனிதனுக்கு யோசனை நின்றுபோய் பழக்கம் மட்டும் வேலை செய்கிறது. எனக்குள் இருந்த பழக்கம் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கிக் கொடுத்த பழக்கம். தீயா, மண்ணைப் போடு! ஓடிப் போய் மண்வெட்டியைக் கொண்டு வந்து, வாய்க்கால் வெட்டியபோது கரையில் குவித்திருந்த அந்தக் கறுப்பு மண்ணை அள்ளி அள்ளி வெடிப்பின் மேல் கொட்டினேன். புகை நின்றது. மிதித்து, தட்டி, மேடு கட்டி, அழகாக வழித்துவிட்டுத் தொழிற்சாலைக்குப் போனேன். அன்று சாயங்காலம் வந்து பார்த்தபோது அந்த மேடே இட்லிப் பானை மாதிரி எல்லாப் பக்கமும் புகை விட்டுக்கொண்டிருந்தது.

மூன்று நாள் இதையே செய்தேன். புகைகிற இடத்திலெல்லாம் கறுப்பு மண்ணை மூட்டை மூட்டையாகக் கொட்டினேன். அக்கா கீழேயிருந்து ஏறி வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தொர, நீங்க போடப் போட அது கூடுதே. அடுப்புக்கு வெறகு வெக்கிற மாதிரி இருக்கு நீங்க செய்யுறது."

"மண்ணுக்கா இது. மண்ணு எரியுமா?"

"எரியுதே. நான் சொல்லல, உங்க கண்ணு முன்னால எரியுது."

தீயணைப்பு வண்டி வந்தது. சாலையில் நின்றுகொண்டு, முடிந்த மட்டும் ஓஸை நீட்டி, மிச்ச தூரத்துக்கு அவர்கள் வாளியில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நல்ல பிள்ளைகள். ஊற்றிய இடத்திலெல்லாம் சீறிக்கொண்டு ஆவி எழும்பியது. வண்டித் தண்ணீர் தீர்ந்தது. மறுநாள் காலையில் பத்தடி தள்ளிப் புதிதாக இரண்டு இடத்தில் புகை. அடியில் எங்கே ஓடுகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கைபேசியில் தேடினேன். அதுதான் நான் செய்த அடுத்த முட்டாள்தனம். ஏதேதோ நாடுகளில் இப்படிச் சதுப்பு மண் மாதக்கணக்கில் எரிவதையும், நகரம் நகரமாகப் புகைக்குள் முழுகிக் கிடப்பதையும், மேலே பனி மூடிய பிறகும் அடியில் விடாமல் கனன்று அடுத்த வருடம் எழுந்து வருவதையும் காட்டியது. பார்த்து முடித்தபோது எனக்கு வியர்த்துவிட்டது.

அதற்குப் பிறகு சில நாட்கள் நான் நடந்துகொண்டதை வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். காலையில் எழுந்ததும் சமையலறைத் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். பிறகு ஹால். பிறகு குளியலறை. தரை எப்போதும் போல் ஐஸாக இருக்கும். இருந்தாலும் கேஸ் சிலிண்டரை நகர்த்தி வைப்பேன். முற்றத்தில் மெல்ல அடியெடுத்து வைத்து நடந்தேன், ஓங்கி மிதித்தால் மலை உள்ளே போய்விடும் என்பதுபோல.

"என்னுங்க, பூமாதேவிக்குக் காய்ச்சலா?" என்றாள் மனைவி. "அப்பிடியே தெர்மாமீட்டரையும் வெச்சுப் பாத்துருங்களேன்."

தெர்மாமீட்டர் வைக்கிற ஆளும் வந்து சேர்ந்தார். ஊட்டியில் மண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண், முப்பது வயதிருக்கும். தீயணைப்புக்காரர்கள் சொல்லித் தகவல் போயிருக்கிறது. நீளமான கம்பி ஒன்றை அங்கங்கே செருகிச் சூடு பார்த்தார். தீப்படாத இடமாகப் பார்த்து ஒரு குழாயை இறக்கி, திருகி, மெல்ல உருவினார். குழாய்க்குள் கறுப்பாக ஒரு நீளத் துண்டு வந்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது மண்ணே இல்லை. நார் நாராகப் புல், பாசி, இலைத் தண்டு, எல்லாம் அழுகாமல் ஊறிப்போய் அமுங்கிக் கிடந்தன.

"இத நீங்க மண்ணுன்னு நெனச்சு மேல போட்டீங்களா?" என்று கேட்டார்.

"ஒரு நாப்பது மூட்டை இருக்குமுங்க."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

குளிரும் தண்ணீரும் சேர்ந்து இருந்ததால்தான் இதெல்லாம் மக்காமல் ஆயிரக்கணக்கான வருடமாகச் சேர்ந்து வந்திருக்கிறது என்றார். செடிகள் காற்றிலிருந்து இழுத்த கரியெல்லாம் தண்ணீருக்கு அடியில் பூட்டிக் கிடக்கிறது. வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் இறங்கும், காற்று உள்ளே போகும், கரி மெல்ல மெல்ல வெளியேறும். தீ வைத்தால் மெல்ல எல்லாம் இல்லை, ஒரேயடியாக. அந்தப் புகை வானத்துக்குப் போய்ச் சூட்டைக் கூட்டும். சூடு கூடக் கூட மழை தப்பும், பனி தப்பும், மிச்சம் இருக்கிற சதுப்புகளும் காயும். காய்ந்தால் அதுவும் இப்படித்தான். "உலகத்துல நெறைய எடத்துல இதேதாங்க நடக்குது. இங்க இருக்கறது சின்னத் துண்டு. ஆனா இந்த மலையில மிச்சம் இருக்கறதே இந்த மாதிரி சின்னத் துண்டுகதான்."

அன்று சாயங்காலம் எனக்குக் குற்ற உணர்ச்சி தலைக்கேறிவிட்டது. சென்னையில் இருக்கிற மச்சானுக்குப் போன் போட்டேன்.

"அங்க வெயில் எப்பிடி மச்சான்?"

"கொளுத்துது மாப்ள. இந்த வருசம் ரொம்ப ஓவர்."

"மன்னிச்சிருங்க மச்சான்."

"எதுக்கு?"

"இல்ல... சும்மா."

"தங்கச்சிகிட்ட போனக் குடுங்க" என்றார் மச்சான், குரலைத் தாழ்த்தி. போனை வாங்கிய மனைவி, "குடிக்கலைங்கண்ணா. இது வேற" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

இதுவரைக்கும் எழுதியதை வைத்துச் சிரித்துக்கொள்ளலாம். இனிமேல் எழுதப் போவதில் என்னால் அவ்வளவாகச் சிரிக்க முடியவில்லை.

மண் பார்த்த பெண் கிளம்புமுன் என்னை ஊற்றுக்கு அருகில் கூட்டிக்கொண்டு போனார். புகை வாய்க்கால் கரையோரமாகவே கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஆழமாக வெட்டியதால் அந்தக் கரைதான் நன்றாகக் காய்ந்திருக்கிறது, தீக்கு அதுவே பாதை. இதே மாதிரி போனால் ஊற்றுக்கு மேலே இருக்கிற கறுப்புத் திட்டையும் அது தின்றுவிடும். அந்தத் திட்டுதான் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுக்குக் கொடுக்கிறது. அது போனால் மழை பெய்யும்போது வெள்ளம் வரும், மழை நின்றால் பீலியும் நின்றுவிடும்.

"அணைக்க என்னதாங்க வழி?"

"மழை வரணும். இல்லைன்னா அடித் தண்ணி மேல ஏறணும். வாய்க்காலோட வாயை அடைச்சு, இந்தப் பைப்பையும் மூடிட்டா, ஊத்துத் தண்ணி தேங்கி மெதுவா மேல ஏறும். தீ கிட்ட போறதுக்குள்ள ஏறிட்டா பொழைச்சுக்கும்."

பைப்பை மூடுவது என்றால் ஆறு வீட்டுக்கும் தண்ணீர் இல்லை. பங்குனி மாதத்தில். நான் வைத்த தீயை அணைக்க அவர்கள் தங்கள் குடிதண்ணீரைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தண்ணீர் எப்படியும் போய்விடும். கொடுத்தாலும் தீ அணையும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. இதை நான் போய் அந்த வீடுகளில் சொல்ல வேண்டும்.

போகிற வழியெல்லாம் ஏதாவது வேடிக்கையாக ஆரம்பிக்கலாம் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அக்கா பீலியடியில் மூன்று குடங்களை வரிசையாக வைத்துவிட்டுக் கல்லில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பறித்த இலையை நிறுத்துப் போட்டுவிட்டு அப்போதுதான் வந்திருக்கிறார். என் முகத்தைப் பார்த்ததும், "என்ன தொர, மண்ணு இன்னும் எரியலன்னுதான் சொல்லப் போறீங்களா?" என்றார்.

ஒத்திகை பார்த்ததெல்லாம் போய்விட்டது. நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"எத்தன நாளைக்கு மூடணும்?"

"தெரியலைங்க்கா."

"மூடுனா அணைஞ்சிருமா?"

"அதுவும் தெரியலைங்க்கா."

"என்னதான் தெரியும் தொர உங்களுக்கு?"

"மூடலைன்னா ஊத்து போயிரும். அது தெரியும்."

முதல் குடம் நிறைந்து வழிந்தது. அவர் எழுந்து அதை நகர்த்தி அடுத்ததை வைத்தார். சாலையில் பஞ்சாயத்துக் குழாய் ஒன்று இருக்கிறது. ஒன்றுவிட்டு ஒரு நாள் வரும். அங்கேயிருந்து இந்த வீடுகளுக்கு இறங்குவதற்குப் படி கிடையாது, தேயிலைக்கு நடுவில் வழுக்கல் பாதைதான். நாள் முழுக்கச் சரிவில் நின்று இலை பறித்துவிட்டு அந்தப் பாதையில் குடத்தோடு ஏறி இறங்க வேண்டும். அதெல்லாம் எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அதனால் எதையும் அவர் சொல்லவில்லை.

"கப்பல்ல வந்து எறங்குனப்ப கேம்புல ஒரு வாளித் தண்ணிக்கு வெடிய வெடிய வரிசையில நின்னோம்" என்றார். "இங்க வந்து இந்தப் பீலியப் பாத்துட்டு எங்கம்மா, இனி எங்கயும் போக வேணாம்னு சொன்னுச்சு." இரண்டாவது குடத்தையும் நகர்த்திவிட்டு, "மத்த அஞ்சு வீட்டுலயும் கேட்டுட்டுச் சொல்றேன். நீங்க போங்க" என்றார்.

மறுநாள் காலையில் அவரே எங்கள் வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை. "மூடுங்க" என்றார், அவ்வளவுதான்.

நான் லீவு போட்டேன். இந்தத் தடவை கறுப்பு மண்ணைத் தொடவில்லை. மேலே சாலையோரத்திலிருந்து செம்மண்ணை உரச் சாக்குகளில் நிரப்பி, நானும் மனைவியும் கீழே இறக்கினோம். மூன்றாவது சாக்கிலேயே என் இடுப்பு ராஜினாமா செய்தது. சாயங்காலம் இலை நிறுத்த பிறகு ஆறு வீட்டுப் பெண்களும் வந்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. ஒருத்தி மட்டும், "வெடி செய்யுற கம்பெனியில உங்கள எப்படித்தான் நம்பி உள்ள விடுறாங்க?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாய்க்காலின் வாய் அடைபட்டது. பைப்புக்கு மரக்கட்டையைச் செதுக்கி அடித்தோம். கீழே பீலி இரண்டு தடவை விக்கி, நின்றுபோனது. அந்தச் சத்தம் நின்றது எங்கள் வீடு வரைக்கும் கேட்டது.

தண்ணீர் ஏறியது. ஒரு குச்சியில் கோடு போட்டு நட்டு வைத்தேன். நாளுக்கு ஒரு விரல், சில நாள் அரை விரல். தண்ணீர் போய்த் தொட்ட இடமெல்லாம் புஸ்ஸென்று அடங்கியது. கீழ்ப் பாதியில் புகை நின்றுவிட்டது. காலையில் வேலைக்குப் போகுமுன் நான் ஸ்கூட்டரில் முன்னால் இரண்டு கேன், பின்னால் இரண்டு கேன் கட்டிக்கொண்டு, மூன்று வளைவு தள்ளி இருக்கும் வேறொரு குழாயிலிருந்து அந்த வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டு வந்தேன். பாதை முடிகிற இடத்தில் நிறுத்தினால் பெண்கள் வந்து எடுத்துப் போவார்கள். குடிக்க மட்டும்தான் காணும். துணிகளை மூட்டை கட்டி ஞாயிற்றுக்கிழமை ஓடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு வீட்டில் மாட்டை விற்றுவிட்டார்கள். அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. தொழுவம் காலியாக இருந்ததை நானே பார்த்தேன்.

பத்தொன்பதாவது நாள் என்று நினைக்கிறேன். காலையில் குச்சியைப் பார்க்க இறங்கினேன். குச்சி இருந்தது, தண்ணீர் இல்லை. முந்தின நாள் முழங்கால் அளவுக்குத் தேங்கி நின்ற இடத்தில் வெறும் சேறு மினுங்கியது. மேல் பக்கம் போய்ப் பார்த்தேன். ஊற்றுக்கு மேலே இருந்த திட்டு இடிந்து உள்ளே போயிருந்தது. மேலே புல்லும் தோலும் பத்திரமாக இருக்க, அடியில் தீ தின்று தின்று பெரிய பொந்தாகச் சாம்பல் மட்டும் மிச்சம் வைத்திருக்கிறது. நாங்கள் ஏற்றிய தண்ணீரெல்லாம் அந்தப் பொந்துக்குள் இறங்கி, அடியில் இருக்கிற கல்லிடுக்கு எதிலோ போய்விட்டது. ஆறு வீட்டுக்காரர்கள் பத்தொன்பது நாள் குடிக்காமல் கொடுத்த தண்ணீர்.

நான் அங்கேயே உட்கார்ந்தேன். மறுபடியும் சாக்கு நிரப்பலாமா, போன் போடலாமா, யாரைக் கூப்பிடலாம் என்று மனசு வழக்கம்போல் ஓட ஆரம்பித்தது. ஓட இடம் இல்லாமல் திரும்பி வந்தது. புகை என் பக்கத்தில் சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு அவசரமே இல்லை.

மண் பார்த்த பெண்ணுக்குச் சொன்னேன். "இனி மழைதாங்க" என்றார். கட்டையைப் பிடுங்கிப் பைப்பைத் திறந்துவிட்டேன். பீலியில் ஒரு சொட்டு, ஐந்து வரைக்கும் எண்ணிய பிறகு இன்னொரு சொட்டு. கீழே போய் அக்காவிடம் சொன்னேன். அவர் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். "பொகையிலேயே தெரிஞ்சுச்சு தொர. நேத்து ராவே பொகை கூடிப் போச்சு" என்றார். கருப்பட்டி போட்டு ஒரு டீ கொடுத்தார். ஸ்கூட்டரில் நான் கொண்டு வந்த தண்ணீரில் போட்ட டீ. வேண்டாம் என்று சொல்லத் தைரியம் இல்லை. குடித்தேன்.

சித்திரையில் வரவேண்டிய மழை வைகாசி கடைசியில் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வரவில்லை. ஒரு மாதத்து மழையை ஒரு மத்தியானத்தில் கொட்டிவிட்டுப் போனது. தீ அணைந்தது. சாம்பலும் கறுப்பு மண்ணும் சேர்ந்து, அடைப்பை உடைத்துக்கொண்டு, நான் வெட்டிய வாய்க்கால் வழியாக உருண்டு வந்து, அக்கா வீட்டு வாசல் வரைக்கும் அப்பிவிட்டன. அன்று ஆறு வீட்டுக்காரர்களும் வெளியே வந்து மழையில் நின்றார்கள். யாரும் ஆடவில்லை, பாடவில்லை. அண்டா, குண்டான், வாளி என்று வீட்டில் இருந்ததையெல்லாம் கூரைக்கு அடியில் வரிசையாக வைத்தார்கள்.

பிறகு பீலி வந்தது. இரண்டு மாதம் டிகாஷன் மாதிரி வந்தது, அப்புறம் தெளிந்தது. மழை இருக்கிற வரைக்கும் நன்றாகவே கொட்டியது. ஊற்று பிழைத்துக்கொண்டது என்று நான் தொழிற்சாலையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். வாய்க்காலைக் குறுக்கே நாலு இடத்தில் அடைத்து வைத்திருக்கிறேன். மண் பார்த்த பெண் சொன்னபடி மேலே பாசிக் கத்தைகளைக் கொண்டு வந்து நட்டிருக்கிறேன். அதில் பாதி பிடித்திருக்கிறது. எதிர்ச் சரிவுக்காரரிடம் போய் அவருடைய வாய்க்காலைப் பற்றிச் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு ஒரு பை கேரட் கொடுத்து அனுப்பினார்.

மார்கழியில் மழை விட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஒரு நாள் சாயங்காலம் கீழே போயிருந்தேன். பீலி நூலாக வந்துகொண்டிருந்தது. அக்கா குடத்தை அதன் கீழே வைத்துவிட்டு, நூல் காற்றில் அலைந்து வெளியே விழாமல் இருக்க ஒரு தேயிலைக் குச்சியை முனையில் செருகினார். அது குச்சி வழியாக இறங்கிக் குடத்துக்குள் போனது.

"தொர, ஒரு விசயம் கேக்குறேன். வெளையாட்டுக்கு இல்ல."

"கேளுங்க்கா."

"இது பழையபடி ஆகுமா? அடுத்த வருசம் இல்லன்னா அதுக்கடுத்த வருசம்?"

எதைக் கேட்டாலும் பதில் சொல்லிச் சிரிக்க வைத்துவிடுகிற வாய் எனக்கு. பாசி பிடிக்கிறது அக்கா, பொறுங்கள் என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை அது. ஆனால் அந்தக் குழாய்க்குள் வந்த நார்த் துண்டு என் கண் முன்னால் நின்றது. ஒரு விரல் கனம் சேரவே எத்தனையோ தலைமுறை ஆகும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தார், அதுவும் பழைய குளிரும் பழைய மழையும் இருந்தால். இப்போது இரண்டும் இல்லை.

"ஆகாதுக்கா" என்றேன். "நம்ம காலத்துல ஆகாது. நம்ம பேரப் பிள்ளைங்க காலத்துலயும் ஆகாது."

அவர் தலையாட்டினார். கோபமாக ஏதாவது சொல்வார் என்று நின்றேன். குடத்துக்குள் எட்டிப் பார்த்து, குச்சியைக் கொஞ்சம் சரி செய்தார்.

"அப்ப ஒரு பெரிய டிரம்மு வேணும்" என்றார். "தையிலேயே வாங்கிப் போட்டுரணும். மாசியில வெல ஏத்திருவான்."

குடம் கால்வாசிகூட ஆகவில்லை. அவர் கல்லில் நகர்ந்து உட்கார்ந்து எனக்கும் இடம் விட்டார். இரண்டு பேரும் அது நிறைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.